பெட்டியில் வராத பொருட்கள்

பேர்ண், சுவிற்சர்லாந்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம், அம்மாவினதும் உனதும் சுகமறிய ஆவல்.

ஊருக்குப் போடும் பெட்டியில், பழுதானாலும் பரவாயில்லை, பழைய ரீவிகளையும் கணினிகளையும் வைத்து அனுப்பும்படி கேட்டிருந்தாய். வேலை செய்பவற்றைச் சோதித்து அனுப்புகிறேன். பழுதானவற்றை அனுப்ப இயலாது. இந்த நாடும் கானாவும் முன்மொழிந்து, நாடுவிட்டு நாடு போகும் அபாயக் கழிவுகளைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2025 ஜனவரி 1 முதல் எந்த மின்னணுக் கழிவையும் பெறும் நாட்டின் முன்சம்மதமின்றி அனுப்பக் கூடாது.

இங்கே புதுப் பொருளை வாங்கும்போதே, பின்னாளில் அதைக் கழித்துக்கட்டும் செலவையும் விலையோடு சேர்த்து அறவிட்டுவிடுகிறார்கள். அதனால் பழையதைத் தூக்கிக்கொண்டு போனால், நாம் அங்கே எதையும் வாங்காவிட்டாலும், அவ்வகைப் பொருளை விற்கும் கடை அதை இலவசமாக ஏற்றே ஆக வேண்டும். பிறிட்ஜ் என்றால் முதலில் குழாயிலுள்ள வாயுவை உறிஞ்சி எடுக்கிறார்கள். பழைய பிறிட்ஜ்களின் சுவருக்குள் இருக்கும் நுரையிலும் ஓசோனைக் கெடுக்கும் வாயு உண்டென்பதால், அதையும் வெளியே விடாமல் பிடிக்கிறார்கள். ஆனால் நீ அரை மணியில் திருத்திவிடும் மிக்சியை இங்கே திருத்துவார் அரிது, கூலி புதியதன் விலையை எட்டிவிடும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றறி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட வன்னிச் சனத்துக்கு இதைப் பார்க்க வயிறு எரியும்.

நம் பக்கத்துச் சிக்கல் வேறு. பழைய இரும்பு எடுக்க வருபவர் செம்புக்கும் இரும்புக்கும் காசு தருகிறார். காசு பெறாத நஞ்சு வளவிலேயே கிடந்துவிடுகிறது. உன் திருத்தும் கடைக்குப் பின்னால் வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் பழக்கத்தை இன்றோடு விடு; அந்த உறை பிவிசி என்னும் பிளாஸ்ரிக், எரிந்தால் டயொக்சின் என்னும் கொடிய நஞ்சு புகையில் வரும். வாகனப் பற்றறியின் அசிட்டில் ஈயமும் கலந்திருக்கும், கிணற்றடியில் ஊற்றாதே; அசிட்டோடு முழுதாகவே விற்றுவிடு. குண்டு ரீவியின் கண்ணாடியிலும் ஈயமுண்டு, உடைக்காமல் மழை படாத கொட்டிலில் வை. இவற்றைச் சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகார சபை உரிமம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். உன் பக்கம் யார் வருகிறார்கள் என்று பிரதேச சபையில் விசாரி.

வயர் உறையை உரிக்கும் கருவி ஒன்றும் மல்ரிமீற்றர் ஒன்றும் பெட்டியில் வைத்திருக்கிறேன். வேறு என்ன தேவை என்று பெட்டி ஏற்றுமுன் எழுது.

அன்புடன்,
அக்கா