சந்தா கட்டாததற்கு அறியாமை காரணமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழை நாடுகளில் ஊர் மக்களே சேர்ந்து நடத்தும் மருத்துவக் காப்பீட்டில் ஏன் பலர் சேருவதில்லை என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'விழிப்புணர்வு இல்லை' என்பதை முதல் காரணமாகச் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். காவேரிப்பட்டினம் பக்கம் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிற என்னால் இதை ஏற்க முடியவில்லை.

எங்கள் கூட்டத்திலும் இந்தப் பேச்சு வந்தது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்து, நோய் வந்தவருக்குக் கொடுக்கலாம் என்றதும் ஒரு அக்கா, "வருசம் பூரா எனக்கு ஒண்ணும் வரலைன்னா என் பணம் என்ன ஆகும்?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர், "சீட்டுன்னாலும் கடைசியிலயாவது கைக்கு வரும்" என்றார். இவர்களா விவரம் தெரியாதவர்கள்? வட்டிக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் என்னை வீட்டுக்கு விடமாட்டார்கள்!

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இங்கே பல வீடுகளில் உண்டு. பிரீமியத்தை அரசே கட்டுகிறது; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் அது பெரும்பாலும் அறுவைக்கும், ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கும்தான். காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்கில் கொடுப்பது, பஸ் செலவு, துணைக்குப் போனவரின் ஒரு நாள் கூலி எல்லாம் நம் கையிலிருந்துதான். மாதாமாதம் பையைக் காலி செய்வது இதுதானே. 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதற்கு யாரும் பெரிய விழிப்புணர்வு வகுப்பு எடுக்கவில்லை.

ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டாவில் பத்தில் ஒன்பது பேர் இப்படிப்பட்ட காப்பீட்டில் சேர்ந்ததைக் கட்டுரை பாராட்டுகிறது. சரி. அங்கே ஊர்க்கூட்டத்தில் வைத்துக் குடும்பங்களை வசதிக்கேற்ப நிலைவாரியாகப் பிரித்தார்கள். 2011 முதல் அதன்படி சந்தா மாறியது. அடிமட்டத்தில் இருப்பவர்களின் பங்கை அரசும் நன்கொடையாளர்களும் கட்டினார்கள். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் சாதாரண வைத்தியமும் அதில் அடக்கம். இதையெல்லாம் விட்டுவிட்டு 'மக்கள் புரிந்துகொண்டார்கள்' என்று மட்டும் எழுதினால் எப்படி?

விருப்பப்பட்டவர் சேரலாம் என்று விட்டால் நோயாளிகள்தான் முதலில் வருவார்கள். பெட்டி சீக்கிரம் காலியாகும், சந்தா ஏறும், திடமாக இருப்பவர்கள் நழுவுவார்கள். அதனால் ஆளாளாகச் சேர்க்கக் கூடாது. குழு முழுக்கச் சேர வேண்டும். நீலகிரி கூடலூரில் 1992லேயே அக்கார்டு என்ற தொண்டு அமைப்பு ஆதிவாசி சங்கத்தின் வழியாகக் குழுக் காப்பீடு கொண்டுவந்தது. சங்கமும் ஆதிவாசிகளுடையது, ஆஸ்பத்திரியும் அவர்களுடையது. ஓசூர் எல்லையைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2003இல் 'யசஸ்வினி' என்ற காப்பீடு, கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களிடம் மாதம் 5 ரூபாயில் தொடங்கியது. அறுவைக்கு மட்டும் என்பது அதன் குறை. ஆனாலும் ஏற்கெனவே நம்பிக்கை உள்ள சங்கத்தின் வழியாகப் போனார்கள்.

நமக்கும் அப்படி ஒன்று கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசின் மகளிர் குழுக்கள் 1989இல், கிருஷ்ணகிரி பிரியாத அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. பால் சங்கங்களும் ஊருக்கு ஊர் உண்டு. பால் பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டால் கட்டியதே தெரியாது. மாடு இல்லாதவர்களுக்கு மாங்காய் வேலைக் கூலி கையில் இருக்கும்போதே, பள்ளிச் செலவு வருவதற்குள் கேட்க வேண்டும். ஐப்பசி மழையில் வந்து மொத்தமாகக் கேட்டால் யாரிடம் இருக்கும்? நிலமும் மாடும் இல்லாத வீடுகளின் பங்கை அரசு கட்டட்டும். அப்புறம், வருகிற பணத்தில் ஒரு பகுதியைக் காய்ச்சலுக்கும் பஸ் செலவுக்கும் ஒதுக்கி, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.