பெயர் சொல்லாமல் போன சிஸ்டருக்கு நன்றி

முதியோர் இல்லத்தில், நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டு ஃபைலிலேயே தூங்கிவிடும். நீங்கள் தூங்கவிடவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் புண்ணின் நீளம், அகலம், ஆழத்தைச் சென்டிமீட்டரில் எழுதி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படத்தையும் இணைத்தீர்கள். கணுக்காலுக்கு மேல் ஆறாத புண்ணா? காலை இறுக்கிச் சுற்றும் அழுத்தக் கட்டுக்கு முன், காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று காட்டும் கணுக்கால்–கை ரத்த அழுத்த விகிதம் பார்க்கக் கேட்டீர்கள். 0.8க்குக் கீழே இருந்தால் இறுக்கிக் கட்டுவது ஆபத்து. சர்க்கரை நோயாளிக்கோ ரத்தக்குழாய் கெட்டிப்பட்டு எண் பொய்யாக ஏறிக் காட்டலாம்.

பெரிய கோட்டை விடுவது நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போதுதான். டாக்டர் டிரெஸ்ஸிங்கை மாற்றியிருப்பார். சார்ட்டில் பழையதே இருக்கும். பழையபடியே காய்ந்த காஸ் துணியைப் பிய்த்தால் புதுச் சதையும் கூடவே வரும். அன்றைக்கே சார்ட்டைத் திருத்தி, அடுத்த தேதியையும் வண்டியையும் உறுதி செய்தீர்களே, அதற்கு ரொம்ப நன்றி சிஸ்டர்.