‘ஓகே’ என்று பதில் சொல்ல முடியாத கேள்வி கேட்டவர்களுக்கு

அன்புள்ள பயிற்றுநர்களுக்கும், ஜோடியாக இறங்கியவர்களுக்கும், கருவிகளை அளவு பார்த்து மாட்டிவிட்டவர்களுக்கும், படகில் காத்திருந்தவர்களுக்கும்,

வணக்கம்.

ஆட்டிசம் உள்ள முக்குளிப்பாளர்களாகிய நாங்கள் எழுதும் நன்றி மடல் இது. ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று ஒரு வரியில் முடித்தால் எதற்கென்று உங்களுக்கே தெரியாது. அடுத்து ஸ்கூபா (சிலிண்டர் காற்றோடு முக்குளிப்பது) கற்க வரும் ஆட்டிசம் உள்ளவருக்கும் அதனால் பயனில்லை. ஆகவே நீங்கள் செய்தது என்ன, அது ஏன் உதவியது என்று விவரமாகவே எழுதுகிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. சொல்லிக்கொடுக்கும் விதத்தை நீங்கள் மாற்றினீர்கள். தேர்ச்சிக்கான அளவில் கை வைக்கவில்லை. தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரை இறங்க அனுமதி தருகிறது. அங்கே கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் கழன்றால் திரும்ப மாட்டத் தெரிய வேண்டும். காற்று தீர்ந்துபோன ஜோடிக்கு, அதாவது கூட இறங்கிய துணைக்கு, மாற்று ரெகுலேட்டரை (மூச்சுவிட வாயில் வைக்கும் கருவியை) கொடுக்கத் தெரிய வேண்டும். ‘பாவம், இதை மட்டும் விட்டுவிடலாம்’ என்று நீங்கள் ஒருமுறையும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரே பயிற்சியை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்ய விட்டீர்கள், ஒவ்வொரு தடவையும் அதே சொற்களில் சொன்னீர்கள். வேறு சொல்லில் சொன்னால் அது எங்களுக்குப் புதிய கட்டளை என்பது உங்களுக்குப் புரிந்திருந்தது.

ஜோடியைக் காப்பாற்றும் பகுதி மட்டும் கைகூடாதவருக்கும் கடல் உண்டு என்று காட்டியவர்களும் உங்களில் இருக்கிறார்கள். 1981-இல் தொடங்கிய ஹேண்டிகேப்டு ஸ்கூபா அசோசியேஷன் சான்றிதழை மூன்று நிலைகளாகத் தருகிறது. முதல் நிலையில் வழக்கம்போல ஒரு ஜோடி போதும். இரண்டாவதில் கூட இரண்டு பேர் இறங்க வேண்டும். மூன்றாவதில் அந்த இருவரில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். யாரால் எதைச் செய்ய முடியும் என்று நேர்மையாக அளந்து, அதற்கேற்ற துணையோடு அனுப்பும் ஏற்பாடு இது.

இனி மாஸ்க். எங்களில் பலர் படிப்பையே நிறுத்திவிட நினைப்பது, மாஸ்க்குக்குள் நீரை விட்டு வெளியேற்றும் பயிற்சியில்தான். கண்ணையும் மூக்கையும் நீர் தொட்டதும் மூச்சு மூக்கு வழியாக உள்ளே இழுபடுகிறது. நீர் தொண்டையைத் தொடுகிறது, இருமல் வருகிறது, உடம்பு தானாக மேலே பாய்கிறது. நிறைந்த நுரையீரலோடு மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக மேலேறினாலே நுரையீரல் கிழியக்கூடும். ஆகவே இது ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று ஆழத்தில் முயன்று பார்க்கும் விஷயமே இல்லை. நீங்கள் இடுப்பளவு நீரில், வெதுவெதுப்பான குளத்தில் தொடங்கினீர்கள். குளிர்ந்த நீர் முகத்தில் பட்டால் மூச்சு திக்கென்று இழுபடும் என்பதால்.

அந்தப் படிகளை அப்படியே எழுதுகிறோம், மற்ற பயிற்றுநர்களுக்கு உதவும். முதலில் நீருக்கு வெளியே, மூக்கைப் பிடித்தபடி ரெகுலேட்டரில் இரண்டு நிமிடம் மூச்சு. பிறகு மூக்கைப் பிடிக்காமல் அதே இரண்டு நிமிடம். அடுத்து மாஸ்க் இல்லாமல் முகத்தை மட்டும் நீரில் வைத்து, எண்ணிப் பத்து மூச்சு. பத்து முடிந்தால் கட்டாயம் முகத்தை எடுத்துவிடலாம், ‘இன்னும் கொஞ்சம்’ கிடையாது. அதன்பின் மாஸ்க்கை மாட்டி, அடிவிளிம்பைத் தூக்கி ஒரு ஸ்பூன் அளவு நீர். பிறகு கண்ணுக்குக் கீழ் வரை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுதாக. கழற்றி மாட்டுவது கடைசியில்.

நீரை வெளியேற்றும்போது ‘மூக்கால் ஊது’ என்று சொன்னால் எங்களில் பலருக்கு எந்தத் தசையை அசைப்பது என்று விளங்காது. ‘வாயை மூடியபடி ம்ம்ம் என்று நீளமாக இழு’ என்றீர்கள். ‘ம்’ ஒலிக்க வேண்டுமென்றால் காற்று மூக்கு வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். மெய்யெழுத்து ஒன்று இந்த வேலைக்கு உதவும் என்று யார் நினைத்திருப்பார்கள்! மாஸ்க் சட்டத்தின் மேல்பகுதியை நெற்றியோடு அழுத்திப் பிடிக்க வேண்டும், ம்-ஐத் தொடங்கிய பிறகே தலையை நிமிர்த்த வேண்டும். முன்னதாகவே நிமிர்த்தினால் நீர் மூக்குக்குள் ஏறிவிடும். வரிசை மாறினால் என்ன ஆகும் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொன்னதற்கு நன்றி. காரணம் தெரிந்த கட்டளையை நாங்கள் மறப்பதில்லை.

கருவிகளை மாட்டிவிட்டவர்களே, உங்கள் பொறுமையைப் பற்றித் தனி மடலே எழுதலாம். மாஸ்க்கை வார் இல்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால் ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அளவு தவறு. முடி ஒன்று விளிம்புக்குள் மாட்டினாலும் கசியும். ரப்பர் வார் முடியை இழுக்கும் வேதனையைத் துணி உறை போட்டுத் தீர்த்தீர்கள். ரெகுலேட்டரின் வாய்ப்பகுதி பெரிதாக இருந்து குமட்டியபோது ‘அடக்கிக்கொள்’ என்று சொல்லாமல், கேபிள் டையை வெட்டிச் சிறிய அளவை மாட்டினீர்கள். ஐந்து நிமிட வேலைதான். வெட்சூட் (நீருக்குள் அணியும் இறுக்கமான ரப்பர் உடை) உடம்பைச் சீராக அழுத்துவது எங்களில் பலருக்குப் பிடிக்கும். கழுத்து மட்டும் வேறு கதை. கழுத்துப் பட்டை மிக இறுக்கமானால் கழுத்து இரத்தக் குழாயை அழுத்தி நாடித்துடிப்பைக் குறைத்துத் தலைசுற்ற வைக்கும். ‘கூச்சம்தான், பழகிக்கொள்வார்’ என்று ஒதுக்காமல் அளவை மாற்றித் தந்தீர்கள்.

சத்தத்துக்குக் காது அடைப்பான் கேட்டபோது மறுத்தீர்களே, அதற்கும் நன்றி. காதுக் குழாயை அடைத்தால் உள்ளே சிறைப்பட்ட காற்றைச் சமன் செய்ய வழியில்லை; ஆழம் போகப் போகச் செவிப்பறை காயப்படும். அதற்கு மாற்றாக நீர் உள்ளே போய்வரும் தலைக்கவசத் துணியைத் தந்தீர்கள். சத்தம் மழுங்கியது, தலைக்கு அழுத்தமும் கிடைத்தது. சிலிண்டர் வால்வைத் திறக்கும் முன் ‘ஒன்று, இரண்டு, திறக்கிறேன்’ என்று சொன்ன படகுக்காரரையும் நினைத்துக்கொள்கிறோம்.

இந்த மடலின் தலைப்புக்கு வருகிறோம். நீருக்குள் பயிற்றுநர் விரலை வளைத்து ‘ஓகேயா?’ என்று கேட்கிறார். மாணவர் அதே சைகையைத் திருப்பிக் காட்டுகிறார். வழக்கமான மாணவரிடம் அது பதில். எங்களிடம் அது எதிரொலியாக இருக்கலாம்: கண் பார்த்ததைக் கை திருப்பிச் செய்கிறது, உள்ளே நிலைமை வேறாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. கேட்டவரைத் திருப்திப்படுத்த ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்வதையே வாழ்நாள் முழுக்கப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கம் நீருக்குள்ளும் கூடவே இறங்கும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் கேள்வியை மாற்றினீர்கள். ‘எவ்வளவு காற்று?’ என்று கேட்டால் சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் அளவியைப் பார்த்து எண்ணைக் காட்டியாக வேண்டும், எதிரொலிக்க முடியாது. எண் சரியாக வந்தால் மாணவர் பார்க்கிறார், யோசிக்கிறார், கை இயங்குகிறது என்று மூன்றும் தெரிந்துவிடும். பதற்றத்துக்கு ஒன்று முதல் ஐந்து விரல் என்று கரையிலேயே பேசிவைத்தீர்கள்: மூன்று என்றால் அந்த இடத்திலேயே நிற்போம், நான்கு என்றால் மேலே போவோம். கரையில் ‘சூப்பர்’ என்று பொருள்படும் உயர்த்திய கட்டைவிரல், நீருக்குள் ‘மேலே போகலாம்’ என்ற ஒரே பொருளுடையது. அதை யார் காட்டினாலும், எந்தக் காரணமும் சொல்லாமல், டைவ் அங்கேயே முடியும். ஒரு சைகைக்கு ஒரே பொருள் உள்ள மொழியில் பேசுவது எங்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

உடம்பு சொல்வது எங்களுக்குத் தாமதமாகக் கேட்கும். காதுவலி, குளிர், தாகம், களைப்பு எல்லாமே அளவு மீறிய பிறகே தெரியவரும். அதனால் ‘வலித்தால் சொல்’ என்பதை விட்டுவிட்டு மீட்டர் கணக்குக்கு வந்தீர்கள். இறங்கும் கயிற்றில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு டேப் சுற்றி, இறங்கும் முன் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒருமுறை மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமன் செய்யச் சொன்னீர்கள், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். மேற்பரப்பிலிருந்து 10 மீட்டருக்குள்ளேயே அழுத்தம் இரட்டிப்பாவதால், முதல் சில மீட்டர்களில்தான் காது அதிகம் மாட்டிக்கொள்கிறது. அடைப்பு விடாவிட்டால் அரை மீட்டர் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். பலங்கொண்டு ஊதினால் உட்காது கெடும்.

காற்றுக்கும் அதே எண் வழி. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) என்றால் 2,400 லிட்டர் காற்று. 50 பார் கையிருப்பைத் தொடக்கூடாது. மிச்சம் 1,800 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிப்பவர் 10 மீட்டரில் 40 லிட்டர் செலவழிப்பார், ஆக 45 நிமிடம். பதற்றம் இருந்தால் இன்னும் குறையும். இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டிய பிறகு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அளவியைப் பார்ப்பதை யாரும் எங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதும் அப்படித்தான். ‘கொஞ்ச நேரம் நிற்போம்’ என்பது தவிப்பு. 180 விநாடி என்பது எண்ணக்கூடிய ஒன்று.

தொடுவதைப் பற்றி முன்கூட்டியே கேட்டதற்கு நன்றி. லேசான தட்டல் பலருக்குத் தீச்சுட்டது போலிருக்கும், மேல்கையில் அழுத்தமான பிடி பரவாயில்லை. விரல்களை ஆட்டுவது எங்களை நாங்களே அமைதிப்படுத்தும் செயல், சைகை இல்லை என்று குழு முழுக்கச் சொல்லிவைத்தீர்கள். இன்னும் முக்கியமானது, அசையாமல் இருப்பதை அமைதி என்று நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே எல்லாம் ஓய்ந்து உறைந்துபோன ஒருவர் வெளிப்பார்வைக்குச் சமர்த்தான மாணவர் போலவே மிதப்பார். இரண்டு சைகைக்குப் பதில் இல்லையென்றால், மேல்கையைப் பிடித்து, ரெகுலேட்டர் வாயில் இருக்கிறதா, குமிழி சீராக வருகிறதா என்று பார்த்தபடி மெதுவாக மேலே கொண்டுவருவது என்ற விதியை எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தீர்கள்.

மருத்துவர்களே, ‘ஆட்டிசம்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்துப் படிவத்தை மூடாமல், வலிப்பு வந்திருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், மூச்சும் காதும் எப்படி என்று தனித்தனியாகக் கேட்டீர்கள். வலிப்பு விஷயத்தில் நீங்கள் கறாராக இருந்ததிலும் எங்களுக்கு வருத்தமில்லை. நீருக்குள் நினைவு தப்பினால் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவிவிடும்.

முந்தைய நாளே எழுத்தில் வந்த திட்டத்துக்கும், கடல் கொந்தளித்தால் டைவுக்குப் பதில் என்ன செய்வோம் என்று அதிலேயே இருந்த இரண்டாவது பத்திக்கும் நன்றி.

கடைசியாக, ஜோடிகளே. மேலே வந்த பிறகு எங்களில் சிலருக்குப் பேச்சு திரும்பக் கொஞ்ச நேரமாகும். எஞ்சின் இரைச்சல், டீசல் வாடை, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவது என்று எல்லாம் மொத்தமாக வந்து மோதும். நீங்கள் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்கவில்லை. நீருக்குள் பேசிய அதே சைகைகளிலேயே படகிலும் பேசினீர்கள். துண்டை நீட்டினீர்கள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தீர்கள். பிறகு லாக் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தீர்கள், ஆழம், நிமிடம், தொடங்கிய பார், முடித்த பார், இடுப்பில் கட்டிய ஈய எடை எத்தனை கிலோ என்று நிரப்புவதற்கு.

நன்றியுடன்,
ஆட்டிசம் உள்ள முக்குளிப்பாளர்கள்