செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25: மாயாவியின் முகம் மறைய வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வட்டத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் காமிக்ஸ் வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை கூடியது. நவம்பர் கூட்டம் மட்டும் மழையால் நடக்கவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். புதிதாக வந்த புத்தகங்களின் பட்டியல் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. ஆண்டு முழுக்க நம்மைப் பேச வைத்த விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன். நம் பழைய காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி திரைக்கு வந்தால் எப்படி வர வேண்டும்?

அந்தப் பெயரில் ஒரு படம் எடுப்பது தன் நெடுநாள் கனவு என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பேட்டிகளில் சொல்லி வருகிறார். படப்பிடிப்பு இன்னும் தொடங்கவில்லை. ஆனால் பெயரைக் கேட்டதுமே நம் மூத்த உறுப்பினர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. எனக்கும்தான். ஜூன் கூட்டத்தில் யார் நடிக்கலாம் என்று இரண்டு மணி நேரம் விவாதித்தோம். அந்த நேரத்தை வேறு விதமாகச் செலவழித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கல்லூரியில் படிக்கும் நம் இளைய உறுப்பினர்கள் மாயாவியைப் படித்ததே இல்லை. அவர்களுக்காக ஜூலையில் பழைய இதழ்களை மேசையில் பரப்பி வைத்துக் கதையைச் சொன்னோம். 1962 அக்டோபரில் லண்டனிலிருந்து வந்த ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிய கதை அது. எழுதியவர் கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. பின்னாளில் டாம் டல்லி எழுதினார். நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர். அவர்தான் நம் மாயாவி. வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். ஒரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய, ஆள் மறைந்து போகிறார், கை மட்டும் தெரிகிறது. 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக அவர் தமிழுக்கு வந்தார். ‘தி ஸ்டீல் கிளா’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே ‘எஃகு நகம்’ என்று பெயர்த்திருந்தால் நம் வாயில் ஒட்டியிருக்காது. ‘இரும்புக்கை மாயாவி’ என்று வைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அப்போது ஓர் இளைய உறுப்பினர் கேட்ட கேள்வி எல்லாரையும் நிமிர வைத்தது. “சட்டை, பேண்ட் எல்லாம் சேர்ந்து மறையுது. கை மட்டும் ஏன் சார் மறையல?” ஐம்பது வருடமாகப் படிக்கிறோம், நம்மில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாததற்குக் காரணம் பிளாஸ்கோவின் தூரிகை. இருட்டு அறை, திறந்த பெட்டகம், அந்தரத்தில் ஒரு கை. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் பார்த்த சிறுவனுக்குத் தர்க்கம் தேவைப்படவில்லை. பிளக் பாயிண்டில் விரலை விட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தவர்கள் நம் வட்டத்திலேயே நான்கு பேர் இருக்கிறார்கள்.

அங்கிருந்துதான் பேச்சு சரியான இடத்துக்குத் திரும்பியது. நம் சினிமாவில் நாயகனின் முகம்தான் எல்லாம். அறிமுகக் காட்சியில் விசில் பறப்பது அந்த முகத்துக்கு. மாயாவியோ தன் சக்தியைக் காட்டும் நேரத்தில் முகமே இல்லாதவர். பெரிய நடிகர் நடித்தால், சண்டைக் காட்சியில் அவரைக் காட்டாமல் இருக்க யாருக்கு மனம் வரும்? ரசிகனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி நீல நிற நிழலாக அவரை நடமாட விட்டுவிடுவார்களோ என்பதுதான் என் பயம். அப்படிச் செய்தால் கை தனியாக மிதக்கும் அந்தத் திகில் போய்விடும்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. அதே பிரிட்டிஷ் வார இதழ் மரபில் 1977-இல் பிறந்த ஜட்ஜ் டிரெட் கதைகளில் நாயகனின் முகம் தெரிவதே இல்லை. தலைக்கவசம்தான் ஆள். 1995-இல் வந்த படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் கவசத்தைக் கழற்றினார், வாசகர்கள் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. 2012-இல் கார்ல் அர்பன் கடைசிவரை கழற்றவே இல்லை. வாயையும் தாடையையும் வைத்தே நடித்து முடித்தார். செப்டம்பர் கூட்டத்தில் இரண்டு படங்களிலிருந்தும் சில காட்சிகளை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தோம். அதன்பின் யாரும் நடிகர் பெயரைப் பேசவில்லை.

இன்னொரு விஷயத்தில் மட்டும் ஒருமித்த கருத்து வரவில்லை. கிராண்டேல் தொடக்கத்தில் நல்லவர் இல்லை. சக்தி கிடைத்ததும் பேராசை பிடித்துக் குற்றவாளி ஆகிறார், பிறகுதான் திருந்தி உளவாளி ஆகிறார். அவர் உளவாளியாகச் சேர்ந்த நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் நாட்களிலிருந்தே படத்தைத் தொடங்கலாம் என்று இரண்டு உறுப்பினர்கள் வாதாடினார்கள். நான் அதை ஏற்கவில்லை. அந்தக் கெட்ட நாட்கள் இல்லையென்றால் அவர் கருவி பொருத்திய இன்னோர் உளவாளி, அவ்வளவுதான். இடையில் அவருக்கு ஒரு சூப்பர் ஹீரோ உடை மாட்டிப் பார்த்த கட்டமும் உண்டு. அது வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒன்றுபட்டோம்.

ஜனவரியில் நிறைவேற்றிய தீர்மானம் இது: யார் எடுத்தாலும் முறையான உரிமை பெற்று எடுக்க வேண்டும், பல்மர், பிளாஸ்கோ பெயர்கள் படத்தின் தொடக்கத்தில் வர வேண்டும். இருவருமே இன்று உயிரோடு இல்லை. மாயாவி மறையும்போது நடிகரும் மறைய வேண்டும் என்ற வரியைத் தலைவர் தம் கையாலேயே சேர்த்தார்.

ஒரு வருத்தமான செய்தியும் பதிவாக வேண்டும். நம் பழைய இதழ்களில் பதினொன்றைப் பைண்டிங் செய்யக் கொடுத்திருந்தோம். அந்தக் கடையில் ஓரங்களைச் சமமாக்குகிறோம் என்று வசனக் கூடுகளோடு சேர்த்து வெட்டிவிட்டார்கள். ‘பாம்புத் தீவு’ இதழில் பல பக்கங்களில் பாதி வாக்கியம்தான் மிச்சம். முன்கூட்டியே சொல்லாதது என் தவறும்கூட. இனி எந்த இதழையும் ஸ்கேன் செய்யாமல் வெளியே அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

சரி, கடைசியாக ஒரு வேண்டுகோள். வெட்டுப்பட்ட வாக்கியங்களைக் கையால் எழுதிச் சேர்க்க முழு இதழ் தேவைப்படுகிறது. யாரிடமாவது ‘பாம்புத் தீவு’ பழைய பதிப்பு இருந்தால் மே மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். படியெடுத்ததும் அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

செயலாளர்