பினாங்கு கால்பந்து கேம் போட்டி ஏற்பாட்டாளர்களுக்கு: இந்த ஆண்டு புது டிஸ்க் கேட்காதீர்கள்

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பி தங்கைகளே,

பட்டர்வொர்த், பிறை, ஆயர் ஈத்தாம் என்று எந்தப் பக்கம் போனாலும் தீபாவளியை ஒட்டி ஏதாவது ஓர் இளைஞர் மன்றம் கால்பந்து வீடியோ கேம் போட்டி நடத்துகிறது. வேலை முடிந்து வந்து, மண்டபம் பிடித்து, டிவி இரவல் வாங்கி, கைக்காசு போட்டு நீங்கள் நடத்துவது எனக்குத் தெரியும். நானும் இரண்டு ஆண்டு நாற்காலி தூக்கியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் அக்கா மகனுக்கு 19 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனம் ஆண்டுக்கு ஒரு பதிப்பாக விற்கும் கால்பந்து கேமில், எஃப்சி 25 டிஸ்க்கில் ஓர் ஆண்டாகப் பழகி வைத்திருந்தான். போட்டி அறிவிப்பு வந்தது: எஃப்சி 26 மட்டும், தகுதிச் சுற்று ஆன்லைனில். அந்தப் புதுப் பதிப்பு வெளிவந்ததே 2025 செப்டம்பர் 26இல்தான். தீபாவளி அக்டோபர் 20. இடையில் 24 நாள். பழைய பதிப்பு வைத்திருப்பவன் புதியதை வைத்திருப்பவனோடு ஆன்லைனில் மோதவே முடியாது.

சரி, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கலாம் என்று கொம்தார் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. “25 வெள்ளி தரேன் தம்பி, அடுத்த வாரம் அதுவும் கிடைக்காது” என்றார். புதுசு 259 வெள்ளி (ரிங்கிட்). குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலைக்கு வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய நாலு நாள் கூலி. அவன் டிஸ்க்கைத் திரும்ப உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டான். “அம்மாவுக்குச் சேலை எடுக்கணும் மாமா” என்றான். போட்டியில் சேரவில்லை.

அந்த 259 வெள்ளிக்குப் புதிதாக என்ன கிடைக்கிறது? மாறிய அணிப் பட்டியல், புது ஜெர்சி, பந்தைக் கடத்துவதிலும் தடுப்பதிலும் கொஞ்சம் மாற்றம். எஃப்சிக்கு முன்பு ஃபிஃபா என்று பெயர். நிண்டெண்டோ சுவிட்ச் என்ற கேம் கருவிக்கு ஃபிஃபா 20 தொடங்கி ஃபிஃபா 23 வரை நாலு ஆண்டு, பழைய ஆட்டத்துக்கே பெயர்களையும் ஜெர்சிகளையும் மாற்றி ‘லெகசி எடிஷன்’ என்று இஏ ஸ்போர்ட்ஸ் விற்றது. இன்னொன்றும் இருக்கிறது. சொந்த அணி சேர்க்கும் ‘அல்டிமேட் டீம்’ பகுதியில் காசு கட்டிச் சேர்த்த வீரர் அட்டைகள் அடுத்த பதிப்புக்கு வராது; ஒவ்வோர் ஆண்டும் வெறுங்கையோடு மறுபடி தொடங்க வேண்டும். காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பிரிக்கும் இந்த அட்டைப் பொட்டலங்களைச் சூதாட்டம் என்று 2018இல் பெல்ஜியம் சொன்ன பிறகு, அடுத்த ஆண்டு அங்கே மட்டும் அவற்றை வாங்க உதவும் ஃபிஃபா பாயின்ட் விற்பனையை நிறுத்தினார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தக் காவல் இல்லை.

அவசரப்பட்டு வாங்கியவனுக்குத்தான் நட்டம். 2023 செப்டம்பர் கடைசியில் முழு விலைக்கு விற்ற எஃப்சி 24ஐ, 2024 மே மாதம் பிளேஸ்டேஷன் கேம் கருவிக்கான ‘பிளஸ்’ சந்தா கட்டுவோருக்குக் கூடுதல் காசு இல்லாமல் கொடுத்தார்கள். எட்டு மாதம்கூட ஆகவில்லை!

ஆண்டுக்கு ஒன்று வெளியிட்டே ஆக வேண்டும் என்பது இயற்கை விதியா? 2019இல் டபிள்யூடபிள்யூஇ 2கே20 என்ற மல்யுத்த கேம் பிழைகளோடு வந்து பெயரைக் கெடுத்துக்கொண்டது. அப்புறம் அடுத்த ஆண்டுப் பதிப்பையே ரத்துசெய்துவிட்டு, நேரம் எடுத்து 2022 மார்ச்சில்தான் அடுத்ததைக் கொண்டுவந்தார்கள். அது நன்றாகவே இருந்தது. ஃபுட்பால் மேனேஜர் என்ற அணி நிர்வாக கேமின் நிறுவனமும் 25ஐ ரத்துசெய்துவிட்டு நேராக 26க்குப் போனது. எஃப்1 கார்ப் பந்தய கேமுக்கு 2026இல் தனிப் பதிப்பு கிடையாது, எஃப்1 25க்கே கூடுதல் பகுதி வரும் என்று இஏ நிறுவனமே அறிவித்தது. உரிமக் கட்டணமும் ஆண்டு வருமானக் கணக்கும் அவர்களை விரட்டுகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த முடிகிறது.

அந்த நிறுவனங்கள் என் மடலைப் படிக்கப்போவதில்லை. நீங்கள் படிப்பீர்கள். இங்கே எத்தனை வீட்டில் புது டிஸ்க் வாங்குவது என்பதை உங்கள் அறிவிப்பில் உள்ள ஒரு வரி முடிவுசெய்கிறது.

ஒரே பதிப்பை மூன்று ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் கையில் ஏற்கெனவே இருக்கும் எஃப்சி 25 போதும். தகுதிச் சுற்றையும் மண்டபத்திலேயே நடத்துங்கள். ஒரு பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5), ஒரு டிஸ்க், இரண்டு கண்ட்ரோலர் இருந்தால் அறுபது பேர் ஆடலாம், பழைய பதிப்பின் ஆன்லைன் சர்வரை நிறுவனம் மூடினாலும் கவலையில்லை. யாரிடமும் டிஸ்க் இல்லையென்றால் இஃபுட்பால் என்ற வேறொரு கால்பந்து கேம் இருக்கிறது. 2021இல் அது வந்த புதிதில் ஆட்டம் மோசமாக இருந்தது, நானே வெறுத்தேன். இப்போது தேறியிருக்கிறது, இலவசம், ஆண்டுதோறும் புது டிஸ்க்கும் இல்லை. அதிலும் காசுக்கு வீரர் சேர்க்கும் முறை உண்டு. அதை விலக்கி, எல்லாரும் நிஜ அணிகளை மட்டும் எடுத்து ஆடும்படி வைத்தால் பணம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே பலம்தான்.

பழைய பதிப்பென்றால் கூட்டம் வராது, ஸ்பான்சர் கிடைக்காது என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். அவர் கவலை நியாயமானது. ஆனால் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே 2001இல் வந்த சண்டை கேம். அதற்கு இன்னும் உலகமெங்கும் போட்டி நடக்கிறது. ஆட்டம் மாறாததால்தான் அதை ஆடுபவர்கள் இருபது ஆண்டாக அதன் நுணுக்கத்தைத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். நம் மன்றங்களில் கேரம் நடக்கிறதே, பலகையை ஆண்டுதோறும் மாற்றச் சொல்கிறோமா? ஒரே ஆட்டத்தில் மூன்று ஆண்டு பழகிய பையன்கள் மோதும்போது பாருங்கள், ஒரு கார்னர் கிக்குக்கே மண்டபம் எழுந்து நிற்கும்.

2026 தீபாவளி நவம்பரில் வருகிறது. உங்கள் அறிவிப்பு ஆகஸ்டிலேயே வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும். அதில் ‘எஃப்சி 25, மண்டபத்தில் நேரடியாக’ என்று எழுதும் மன்றத்துக்கு என் பிஎஸ்5ஐயும் இரண்டு கண்ட்ரோலரையும் நானே கொண்டுவந்து தருகிறேன். என் அக்கா மகன் அந்த டிஸ்க்கை இன்னும் விற்கவில்லை.

அன்புடன்,
குளுகோரிலிருந்து ஒரு பழைய ஆட்டக்காரன்