அடகுக்குப் போன மேலாடை

அன்புள்ள நண்பர் தேவராஜ் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். பேத்திக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சி.

பழைய இஸ்ரவேலின் சட்டங்களில் ‘கண்ணுக்குக் கண்’ என்பதைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். என்னை அதிகம் ஈர்ப்பவை அடகு பற்றிய விதிகளே. ஏழையின் மேலாடையை ஈடாக வாங்கியவன் பொழுது சாயுமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கூறும் பைபிளின் யாத்திராகமம் 22ஆம் அதிகாரம், அதுவும் இல்லாவிட்டால் அவன் எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்றும் கேட்கிறது. மாலைதோறும் திருப்பித்தர வேண்டிய பொருளை யார்தான் அடகு பிடிப்பார்கள்! பைபிளின் மற்றொரு நூலான உபாகமம் 24ஆம் அதிகாரமோ, கடன் கொடுத்தவன் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும், கடன்பட்டவனே ஈட்டை எடுத்து வந்து கொடுக்க வேண்டும் என்கிறது. திரிகையின் மேற்கல்லைக்கூட அடகு வாங்கக் கூடாது என்றும் தடுக்கிறது, ஏனெனில் அந்த ஒரு கல் போனாலே வீட்டில் மாவரைக்க வழியில்லை.

ஏட்டில் இருந்த இவ்விதிகள் நடைமுறையில் எப்படி இருந்தன என்பதற்கு உடைந்த மண்பாண்டத்தின் ஓட்டுத் துண்டு ஒன்று சாட்சி. இன்றைய இஸ்ரேலின் மத்தியதரைக் கடலோரம், யாவ்னே-யாம் என்ற இடத்துக்கு அருகிலுள்ள பழைய கோட்டையில் 1960இல் கிடைத்த அதில், கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கதிர் அறுத்த ஒருவனின் முறையீடு மையால் எழுதப்பட்டுள்ளது. என் பங்கு வேலையை முடித்த பிறகும் ஓசயாகு என்பவன் என் ஆடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான், உடன் அறுத்தவர்கள் எனக்காகச் சாட்சி சொல்வார்கள், ஆடையை வாங்கித் தாருங்கள் என்று அதிகாரியிடம் மன்றாடுகிறான். சட்டத்தின் பெயரை அவன் எடுக்கவே இல்லை. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பே, அடகு வாங்கிய ஆடைகளை விரித்துப் பலிபீடத்தருகே படுத்துக் கிடக்கிறார்கள் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி சாடியிருந்தார்.

இந்தப் பரிவுக்கும் எல்லை இருந்தது. எபிரெய அடிமைக்கு ஏழாம் ஆண்டில் விடுதலை உண்டு. அந்நிய அடிமையோ எஜமானின் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும் சொத்து.

வழக்கறிஞரான உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முட்டும் மாடு என்று எச்சரிக்கப்பட்டும் உரிமையாளன் அதைக் கட்டி வைக்காமல், அது ஒருவரைக் கொன்றுவிட்டால், பழைய பாபிலோனிய அரசன் ஹம்முராபியின் சட்டம் அவனிடம் அரை மினா (பழைய எடை அளவு) வெள்ளி மட்டுமே வசூலிக்கிறது. யாத்திராகமம் 21ஆம் அதிகாரமோ அவனுக்கும் மரணம் என்று கூறிவிட்டு, உயிர்மீட்புப் பணத்துக்கும் இடம் தருகிறது. தெரிந்தே காட்டிய அலட்சியத்தைக் கொலைக்கு நிகராக வைப்பது உங்கள் கண்ணுக்குச் சரியாகப் படுகிறதா? விரிவாக எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
சாமுவேல்