அடுத்த கதையை எங்கே தேடுவது? மின்னூல்கள் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். பிடித்த தொடர் ஒன்று முடிந்ததும் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி, "அடுத்து என்ன படிக்க?" என்பதுதான். அச்சுப் புத்தகமாக இருந்தால் அதே அலமாரியில் பக்கத்தில் நிற்பது தானாகக் கண்ணில் படும். மின்னூலில் அந்த வசதி இல்லை. ஒரு தேடுபெட்டி இருக்கும். அதில் எதைத் தட்டுவது என்று பிள்ளைக்குத் தெரியாது. நாங்கள் ஒரு நூல் பட்டியல் அனுப்பினால் அது ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும் என்பதால், தேடும் வழியை மட்டும் எழுதியிருக்கிறோம்.

தேடுவதற்கு முன் பிள்ளையிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். "துப்பறியும் கதை பிடிக்கும்" என்று நான்கு பேர் சொன்னால் நான்கு பேருக்கும் காரணம் வேறாக இருக்கும். ஒருவருக்குப் புதிர் அவிழும் இடம். இன்னொருவருக்கு இருட்டு வீடும் அதன் திகிலும். மூன்றாமவருக்குத் துப்பறிபவரும் உதவியாளரும் ஓயாமல் போடும் சண்டை. நான்காமவருக்குக் கதை நடக்கும் அந்தப் பழைய நகரம். புதிர் பிடித்தவருக்கு அறிவியல் புனைகதை ஒத்துவரும். விதிகளைத் தெரிந்துகொண்டு சிக்கலை அவிழ்ப்பது அங்கேயும் உண்டு. திகில் பிடித்தவருக்குப் பேய்ச் சிறுகதைகள். சண்டையை ரசிப்பவருக்கு நகைச்சுவையும் பள்ளிக்கூடக் கதைகளும். நகரத்தை ரசிப்பவருக்கு வரலாற்றுப் புனைவு. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பழையதில் பிடித்த ஒன்றாவது புதியதிலும் இருக்கட்டும். துப்பறியும் கதையை முடித்த கையோடு எண்ணூறு பக்க மாயப்புனைவைத் திறந்தால், புது ஊர்ப் பெயர்களும் அரச வம்சங்களும் வரைபடமும் முதல் இருபது பக்கத்திலேயே பிள்ளையைக் களைப்பாக்கிவிடும்.

புது வகையைச் சுவை பார்க்கச் சிறுகதைத் தொகுப்பைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு எழுத்தாளர்கள் எழுதிய தொகுப்பு ஒன்றில் பிள்ளைக்கு இரண்டு பேரைப் பிடித்தால் போதும். அந்த இருவரின் பெயரைத் தேடுபெட்டியில் இட்டால் அடுத்த மூன்று மாதத்துக்கான நூல்கள் கிடைத்துவிடும். தொகுப்பை வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. பிடிக்காத கதையை இரண்டாம் பக்கத்தில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

கடைகளின் பரிந்துரைகளை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறோம். காரணம் எளிது. முன்பு வாங்கியதையும் திறந்ததையும் வைத்தே அடுத்ததைக் காட்டும்படி அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. மூன்று பேய்க்கதைகளைத் தொடர்ந்து திறந்தால் முகப்பு முழுக்கப் பேய்தான். வீட்டில் எல்லாரும் ஒரே கணக்கைப் பயன்படுத்தினால் இன்னும் குழப்பம்: அப்பா படிக்கும் குற்றப் புனைவும் அம்மா படிக்கும் காதல் நாவலும் பிள்ளையின் திரையில் வந்து நிற்கும். பிள்ளைக்குத் தனி ப்ரொஃபைல் போடுங்கள். அது முடியாத செயலியில், படித்த வரலாற்றிலிருந்து தேவையற்ற நூல்களை நீக்குங்கள். "அதிகம் விற்றவை" பட்டியலையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஒரு குறுகிய உட்பிரிவில் சில பிரதிகள் விற்றாலே முதலிடம் கிடைத்துவிடும்.

அப்படியானால் எங்கே தேடுவது? உங்கள் பொது நூலகம், நூலக மின்னூல்களை இரவல் தரும் லிபி (Libby) செயலியில் இணைந்திருந்தால் அங்கே தொடங்குங்கள். நூலக உறுப்பினர் எண்ணும் கடவு எண்ணும் போதும், செலவில்லை. தேடலில் வாசகர் வயதுப் பிரிவு, மொழி, பொருள், இப்போது கிடைக்குமா என்று வடிகட்ட முடியும். ஒரு மின்னூல் உரிமத்தைப் பொதுவாக ஒரு நேரத்தில் ஒருவர்தான் இரவல் வாங்க முடியும். பேர்போன நூலுக்கு வரிசை நீள்வது அதனால்தான். நான்கைந்து வகைகளில் ஒவ்வொன்றுக்கு முன்பதிவு செய்து வைத்தால் அவை வெவ்வேறு வாரங்களில் வந்து சேரும். எல்லாம் ஒரே நாளில் வந்துவிட்டால் இரண்டைத் தள்ளிவைக்கும் வசதி அதிலேயே உண்டு. தவணை முடிந்த நாளில் நூல் தானே திரும்பிப் போய்விடும், அபராதம் கிடையாது. பாதியில் போய்விட்டதே என்று பிள்ளை அழுதால், மீண்டும் இரவல் கிடைக்கும்போது விட்ட பக்கத்திலேயே திறக்கும் என்று சொல்லுங்கள்.

இலவசமாகவும் சட்டப்படியும் கிடைப்பவற்றில் பழையது 1971-இல் தொடங்கிய ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற மின்னூல் திட்டம். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில், துறைவாரி அலமாரிகளோடு இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை காப்புரிமைக் காலம் முடிந்தவை. ஆகவே மொழி பழையது, வாக்கியங்கள் நீளம். இனம், சாதி, பெண்கள் குறித்த பார்வையும் அந்தக் காலத்ததுதான். பிள்ளையோடு உட்கார்ந்து பேசி வாசிக்க வேண்டிய இடங்கள் வரும். அதே நூல்களைச் சீரான அமைப்போடு படிக்க ஸ்டாண்டர்டு ஈபுக்ஸ் தளத்தைப் பாருங்கள். எண்ணிக்கை குறைவு, தரம் அதிகம். தமிழுக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தொகுப்பு இருக்கிறது. சங்க நூல்களோடு நாவல்களும் சிறுகதைகளும் அங்கே உண்டு. சிறு பிள்ளைகளுக்கு 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் பொருந்தும். படங்களோடு கூடிய கதைகள் பல மொழிகளில், தமிழிலும், நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தமிழில் தடுமாறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் நிலை கொடுப்பதில் குறைவு எதுவும் இல்லை.

புதிதாக வெளியானவற்றைத் தேட விருதுகளின் இறுதிப் பட்டியல்கள் உதவும். வென்ற நூலைவிட அதோடு போட்டியிட்டவற்றைப் பாருங்கள். வகை விரியும், நூலக வரிசையும் குறையும். அறிவியல் புனைகதைக்கும் மாயப்புனைவுக்கும் 1953-இல் தொடங்கிய ஹியூகோ விருதுகள், மர்மக் கதைக்கு எட்கர் விருதுகள் (இவற்றில் சிறுவர் பிரிவும் இளையோர் பிரிவும் தனியாக உண்டு), சிறார் நூல்களுக்கு 1922 முதல் நியூபெரி. தமிழ்ச் சிறார் நூல்களுக்குச் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்காரம் 2010 முதல் வழங்கப்படுகிறது. ஹியூகோவின் முதன்மைப் பிரிவுகளில் வருபவை பெரியவர்களுக்கானவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஒரு நூல் கண்ணில் பட்டதும் அதன் விவரப் பக்கத்தில் நான்கு இடங்களைப் பாருங்கள். பக்க எண்ணிக்கை: அறுபது பக்கத்தை நாவல் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். தொடர் எண்: தலைப்பின் பக்கத்தில் சின்ன எழுத்தில் "3" என்று இருந்தால் பிள்ளை நடுவில் நுழைகிறது என்று பொருள், கதை புரியாமல் போவதற்கு இதுதான் பாதி வேளை காரணம். எழுத்தாளரின் மற்ற நூல்கள்: ஒரே மாதத்தில் பத்து நூல் வெளியிட்டிருந்தால், எந்திரம் எழுதித் தள்ளியதா என்று சந்தேகப்படலாம். நான்காவது வாசகர் குறிப்புகள். ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தாண்டி மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். எது பிடித்தது, எது இழுவை என்று நிதானமாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

அட்டைப்படத்தைப் பார்த்து வயதை முடிவு செய்ய வேண்டாம். பெரியவர்களுக்கான காதல் நாவல்கள் பல இப்போது கார்ட்டூன் படத்தோடு, பளிச்சென்ற நிறத்தில் வருகின்றன. பார்த்தால் பள்ளிக்கதை போலவே இருக்கும். திரைப்படத்துக்கு இருப்பது போன்ற வயதுச் சான்றிதழ் நூல்களுக்கு இல்லை. கடையில் காட்டும் வயது வரம்பு பதிப்பாளரே குறிப்பிட்டது, பல நூல்களுக்கு அதுவும் இருக்காது. வகையின் பெயரும் அப்படித்தான், பதிப்பாளர் ஒட்டிய சீட்டு.

இனி மாதிரிப் பக்கங்கள். எந்த நூலையும் வாங்குவதற்கு முன் இலவச மாதிரியை இறக்கிப் பத்து நிமிடம் பிள்ளையையே படிக்க விடுங்கள். பல கடைகளில் மாதிரி என்பது நூலின் முதல் பத்து விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அதனால் ஒரு சிக்கலும் வரும்: குட்டி நூலில் அணிந்துரை, முன்னுரை, நன்றியுரை முடிவதற்குள் மாதிரியும் முடிந்துவிடும், கதையின் ஒரு வரி கூடக் கண்ணில் படாது. அப்படிப்பட்ட நூலை நூலகத்தில் இரவல் வாங்கிப் பார்ப்பதே வழி. பத்து நிமிடம் முடிந்ததும் "பிடித்ததா?" என்று கேட்டால் "ம்" என்ற பதில்தான் வரும். "அடுத்து என்ன நடக்கும்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். ஊகிக்கப் பிள்ளையிடம் ஏதாவது இருந்தால் அந்த நூல் ஓடும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொற்களுக்குமேல் பொருள் தெரியாமல் நின்றால், அந்த நூலை ஆறு மாதம் கழித்துத் திறக்கலாம்.

தமிழ் மின்னூல்களில் மாதிரியைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. அச்சு நூலை வருடி (ஸ்கேன் செய்து) எந்திரத்தால் எழுத்தாக்கி, யாரும் மெய்ப்புப் பார்க்காமல் விடும் நூல்கள் நிறைய. புள்ளிகள் உதிர்ந்து "பக்கம்" என்பது "பககம" ஆகியிருக்கும். ணகரமும் னகரமும் இடம் மாறியிருக்கும். கொம்பு எழுத்தைவிட்டு விலகித் தனியே நிற்கும். இப்படி மூன்று பக்கம் படித்தால், எழுத்துப் பிழையைப் பார்த்துப் பிள்ளை அதையே சரி என்று கற்றுக்கொள்ளும். பழைய பிடிஎஃப் கோப்புகளில் வேறொரு கோளாறு: எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முன்பு வந்த எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை அவை. திரையில் தமிழ் அழகாகத் தெரியும். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துக் குறிப்புச் செயலியில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து குப்பையாக விழுந்தால், அந்த நூலில் சொல் தேட முடியாது, அகராதி வேலை செய்யாது, உரக்கப் படிக்கும் வசதியும் வாய் திறக்காது.

கைபேசியில் பிடிஎஃபைத் தவிருங்கள் என்பது எங்கள் பொதுவான அறிவுரை. அதன் பக்கம் அச்சுப் பக்கத்தின் அளவிலேயே உறைந்திருக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும், ஒவ்வொரு வரிக்கும் விரலால் இழுக்க வேண்டும். அந்த எரிச்சலில் பிள்ளை கதை சரியில்லை என்று மூடிவைத்துவிடும். ஈபப் (epub) என்ற மின்னூல் கோப்பு வடிவத்தில் எழுத்துக்கு ஏற்ப வரி மடங்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் செயலியின் அமைப்பில் இருபுறச் சீரமைப்பை அணைத்து, இடப்புறச் சீரமைப்பை வையுங்கள். இல்லையென்றால் ஒரு வரியில் மூன்று சொல், நடுவில் பெரிய பெரிய ஓட்டை. இறக்கிய ஈபப் சில கைபேசிகளில் "ஜிப்" (.zip) என்ற பின்னொட்டோடு சேமிக்கப்படும். ஈபப் என்பதே உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம்தான். பின்னொட்டை "ஈபப்" (.epub) என்று மாற்றினால் திறக்கும். அமேசானின் கிண்டில் வாசிப்புக் கருவியில் கம்பி வழியாக ஈபப்பைப் போட்டால் நூல் தெரியாது. "சென்ட் டு கிண்டில்" சேவை வழியாக அனுப்புங்கள், 2022 முதல் அது ஈபப்பை ஏற்கிறது. கணினியில் வடிவம் மாற்றக் காலிபர் என்ற இலவச மென்பொருள் போதும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. பிள்ளையின் கருவியில் ஒரே தட்டில் வாங்கும் வசதியை அணைத்து, பெற்றோர் ஒப்புதலை இயக்குங்கள். மாதச் சந்தாவை இலவசமாகச் சோதிக்கச் சேர்ந்தால், முடியும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். ரத்து செய்யாவிட்டால் தானே நீளும். முதல் பாகம் இலவசம் என்றால் மீதிப் பாகங்களின் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அத்தியாயம் அத்தியாயமாக வெளியாகும் இணையத் தொடர்களில் "முற்றியது" என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எழுதியவர் நாற்பதாம் அத்தியாயத்தில் நிறுத்திவிட்டுப் போன தொடர்கள் ஏராளம்.

குழுக்களில் சுற்றும் திருட்டு பிடிஎஃப் கோப்புகளைப் பிள்ளைக்கு அனுப்ப வேண்டாம். எழுதியவருக்கு ஒன்றும் போய்ச் சேராது. பக்கங்கள் விடுபட்டிருக்கும். நூல் என்று வரும் கோப்பின் பெயர் "ஏபிகே" (.apk) என்று முடிந்தால் அது நூலே இல்லை, கைபேசியில் நிறுவிக்கொள்ளும் செயலி. திறக்காமல் அழித்துவிடுங்கள்.

பிள்ளையிடம் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். நூலின் பெயர், எழுதியவர், வகை, எந்தப் பக்கத்தில் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று ஐந்து கட்டங்கள். முடிக்காமல் விட்ட நூல்களையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அடுத்த நூலைப் பரிந்துரைக்க நூலகருக்கு அதிகம் உதவுவது அந்த வரிகள்தான். நூலக வகுப்புக்கு வரும்போது குறிப்பேட்டைக் கொண்டுவந்தால் போதும், கருவி வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்